உமையாள் ஆச்சி எதை முதலில் விற்றாள்? ஒரு கதாபாத்திரத்தின் நிகழ்வு ஆய்வு

வந்த நிலை

நான்கு வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் நாவல். அதன் நடுவில் ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள். பெயர் உமையாள், வயது 75. செட்டிநாட்டில், கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் நானே உண்டாக்கிய ஓர் ஊரில், பதினோரு புள்ளிக்குப் பங்குள்ள பெரிய வீட்டின் இரண்டாம் கட்டில் தனியாக இருக்கிறாள். கதை நடப்பது 2003இல். மற்ற பத்துப் புள்ளியும் வீட்டைப் பிரித்து விற்கச் சம்மதித்தாயிற்று. பர்மாத் தேக்குத் தூண்களுக்கும் முகப்பு நிலைக்கதவுக்கும் ஆள் வந்து அளவெடுத்துப் போய்விட்டார்கள். உமையாள் மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கணக்கில் கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. கோயில் வரியே புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் போடுவார்கள். வளவை, அதாவது முற்றமுள்ள நடுக்கட்டைச் சுற்றி வரிசையாக இருக்கும் அறைக்கு ‘வீடு’ என்று பெயர். கல்யாணமான மகன் ஒவ்வொருவனுக்கும் ஒன்று. வெளிவீடு, அதற்குள் உள்வீடு என்று இரண்டு அடுக்காகவும் இருக்கும். மருமகள் கொண்டுவந்த சீர்ச்சாமான் அத்தனையும் அதற்குள் போய்ப் பூட்டப்படும். இந்தப் பூட்டு பின்னால் வரும், அதனால் சொல்லி வைக்கிறேன்.

முதல் வரைவை எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரிடம் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். “கெழவி நல்லா இருக்காகம்மா. காலண்டர்ல மாட்டலாம்” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

அந்த வரைவிலிருந்து ஒரு பத்தி, வெட்கத்தைப் பார்க்காமல் அப்படியே தருகிறேன்:

“முகப்பின் தேக்குத் தூணில் சாய்ந்தபடி உமையாள் பாட்டி வானத்தைப் பார்த்தார். அந்தத் தூண்களைப் போலவே அவரும் காலத்தைத் தாங்கி நின்றார். பர்மா நினைவுகள் அவர் கண்களில் நிழலாடின. ‘இந்த வீடு வெறும் கல்லும் மரமும் இல்லை, நம் பாரம்பரியம்’ என்றார் தழுதழுத்த குரலில்.”

இந்தப் பத்தியைத் தூணோடு பெயர்த்துத் தஞ்சாவூரில் நட்டாலும் நிற்கும். எழுபத்தைந்து வயது ஆச்சி எந்தக் காலத்தில் ‘நம் பாரம்பரியம்’ என்று பேசினாள்? அது சுற்றுலாத் துண்டுப் பிரசுரத்தின் வார்த்தை.

தவறுகள் அதோடு முடியவில்லை. பாட்டி என்று எழுதியிருந்தேன். நகரத்தார் வீட்டுக்குள் அப்பச்சியை, அதாவது அப்பாவைப் பெற்றவள் அப்பத்தா, ஆத்தாவைப் பெற்றவள் ஆயா. அக்காளும் ஆச்சி, தெருவில் எதிர்ப்படும் பெரிய மனுஷியும் ஆச்சி. பாட்டிக்கு அங்கே இடமே கிடையாது. எனக்கு இது தெரியாததில்லை. என் தாத்தா ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர், நான் பிறந்து வளர்ந்தது காரைக்குடியில். ஆனாலும் பேனாவை எடுத்ததும் கையில் வந்தது தொலைக்காட்சித் தொடரின் தமிழ்தான்.

இன்னொன்று மானத்தையே வாங்கிவிட்டது. நகரத்தாருக்கு ஒன்பது கோயில்: இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. பொதுவாக ஒரே கோயில் என்றால் பங்காளி, கல்யாண உறவு கிடையாது. நான் உமையாளின் பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் இலுப்பைக்குடிக் கோயில் என்று எழுதித் தொலைத்திருந்தேன். பெயர் அழகாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். வரைவைப் படித்த ஒரு செட்டியார் அண்ணன் கேட்டார்: “அண்ணன் தங்கச்சிக்குல்ல கல்யாணம் பண்ணி வச்சிருக்கீக?”

இவையெல்லாம் கேட்டுத் திருத்திக்கொள்ளக்கூடிய பிழைகள். திருத்தினேன். கோயிலை மாற்றினேன், பாட்டியை எடுத்தேன். கிழவி அப்போதும் காலண்டரிலேயே இருந்தாள்.

பர்மா ஆறு பக்கம்

உமையாளுக்கு ‘ஆழம்’ வேண்டும் என்று நான் முதலில் செய்தது, அவளுக்குப் பின்னால் பர்மாவைக் கொண்டுபோய்க் கொட்டியது. அவளுடைய அப்பச்சி கீழ்ப் பர்மாவில் ஒரு நெல் ஊரில் வட்டிக்கடை மேலாள். அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையல்காரர், மூன்று வருடக் கணக்கு, ஐந்தொகை என்று எல்லாம் எழுதினேன். 1930இல் நெல் விலை விழுந்து, கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல் போக, ஈடாக வைத்த நிலமெல்லாம் செட்டியார்கள் கைக்கு வந்ததை எழுதினேன். பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த அவர்கள் நிலம், 1937-38 வாக்கில் 25 விழுக்காடு ஆனது. பணமாகச் சுற்றிக்கொண்டிருந்தது மண்ணாக முடங்கிவிட்டது. பிறகு 1941 டிசம்பர் 23இல் ரங்கூன் மேல் ஜப்பான் போட்ட குண்டு, லட்சக்கணக்கானோர் காட்டு வழியாக இந்தியாவுக்கு நடந்தது, அப்பச்சியும் நடந்து வந்தது.

ஆறு பக்கமும் சரியான தகவல். ஆனால் 1941இல் உமையாளுக்கு வயது 13. அவள் செட்டிநாட்டில், அடுப்படியில் இருந்தாள். அந்த ஆறு பக்கத்தில் அவள் ஒரு இடத்தில்கூட இல்லை. வரலாறு நடந்துகொண்டிருந்தது, பாத்திரம் வெளியே உட்கார்ந்து காத்திருந்தது.

கேள்வித்தாள்

அடுத்ததாக, எழுதப் பழகுபவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் செய்வதை நானும் செய்தேன். பாத்திரத்துக்கு நூறு கேள்வி. பிடித்த நிறம், பிடித்த பலகாரம், பயம், கெட்ட பழக்கம், முதல் நினைவு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. முடிவில் என் கையில் இருந்தது ஒரு ரேஷன் கார்டு.

ஏன் பயன்படவில்லை என்று யோசித்தபோது ஒன்று பிடிபட்டது. பிடித்த பலகாரம் என்ற இடத்தில் கந்தரப்பம் என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு அதிரசம் என்று மாற்றினேன். கதையில் ஒரு வரி மாறியதா? இல்லை. அப்படியானால் அந்தப் பதிலால் கதைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. நூறையும் இப்படித் தட்டிப் பார்த்தேன். மிஞ்சியது இரண்டு: ‘கடைசியாக யாரிடம் பொய் சொன்னாள்?’, ‘எதைப் பூட்டி வைத்திருக்கிறாள்?’ இரண்டுக்கும் நான் பதில் எழுதியிருக்கவில்லை. பொய்யே சொல்ல மாட்டாள் என்று முதல் கேள்விக்குப் பெருமையாகக் கோடு போட்டிருந்தேன்.

கவுண்டர்

என் பிழைப்பு வங்கியில், நகைக்கடன் கவுண்டரில். பத்தொன்பது வருடம். அங்கே பார்த்த யாரையும் நாவலுக்குள் கொண்டுவருவதில்லை என்று எனக்கு ஒரு வைராக்கியம் உண்டு. தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு படி இறங்குகிறவளை நான் கதையில் விற்றால், மறுநாள் அதே கவுண்டரில் எப்படி உட்கார்வது? நான் எடுத்துக்கொண்டது ஒரு கேள்வியை மட்டும்.

கைக்குட்டை முடிச்சு ஒன்று வரும். பல்லால் கடித்து அவிழ்ப்பார்கள். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்க்கும்போது பெரும்பாலோர் கல்லைப் பார்க்க மாட்டார்கள், சுவரில் உள்ள வட்டி விகிதப் பலகையைப் படிப்பதுபோல் இருப்பார்கள். எவ்வளவு வரும் என்று கேட்டு, போதவில்லையென்றால் முந்தானைக்குள்ளிருந்து இரண்டாவது முடிச்சு வரும். இந்த இரண்டாவது முடிச்சில் இருக்கும் நகை பல நேரம் முதலாவதைவிட எடை குறைவு, மாற்றும் குறைவு. விலைப்படி பார்த்தால் அதுதான் முதலில் வந்திருக்க வேண்டும். புதுச் செயினை யோசிக்காமல் நீட்டிய கை, தேய்ந்துபோன ஒரு ஜோடித் தோட்டுக்கு மட்டும் தயங்கும். இன்னொருத்தருக்கு நேர் எதிர். ஆளுக்கு ஆள் வரிசை மாறும். அந்த வரிசையைத் தெரிந்துகொண்டால் ஆளைத் தெரிந்துகொண்ட மாதிரி.

முகூர்த்த மாதங்களில் கூட்டம் அதிகம். எதற்குக் கடன் என்று கேட்டால் நிறையப் பேர் சொல்வது: “மொய் எழுதணும்.”

உமையாள் ஒன்றொன்றாக விற்க வேண்டி வந்தால் எதை முதலில் விற்பாள்? இந்தக் கேள்வியோடுதான் மூன்றாவது வரைவு தொடங்கியது.

சாமான் பட்டியல்

செட்டிநாட்டுக் கல்யாணத்தில் சாமான் பரப்புவது என்று ஒன்று உண்டு. பெண்ணுக்குக் கொடுக்கும் சீரை வளவில் வரிசையாகப் பரப்பி வைப்பார்கள். வெள்ளி, பித்தளை, மங்குச் சாமான், பாய், ஜாடி, விளக்கு, கரண்டி வரைக்கும். பட்டியலும் இருக்கும். வந்தவர்கள் சுற்றி வந்து பார்ப்பார்கள், எண்ணவும் எண்ணுவார்கள்.

நான் இரண்டு பட்டியல் எழுதினேன். ஒன்று உமையாளின் அக்காள் சிகப்பிக்கு, 1939இல். பர்மாவில் பணம் நிலமாக முடங்கியிருந்த காலம்தான், ஆனால் ஊரில் அது தெரியாது, தெரியவும் விட மாட்டார்கள். சிகப்பியின் சாமான் வளவு நிறைந்து இரண்டாம் கட்டு வரை போயிற்று. அடுத்தது உமையாளுக்கு, 1944இல். அப்பச்சி நடந்து வந்து இரண்டு வருடம். சாமான் வளவின் ஒரு பக்கத்தோடு நின்றுவிட்டது. 41 உருப்படி. பதினாறு வயதுப் பெண் மணையில் உட்கார்ந்துகொண்டு, யாரோ ஒரு அயித்தை பித்தளை அண்டாவை விரல் விட்டு எண்ணுவதைப் பார்க்கிறாள்.

ஆறு பக்கப் பர்மாவும் அந்த விரலுக்குள் வந்து அடங்கிவிட்டது. அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன். வருத்தமில்லை என்றால் பொய்.

இனி விற்பது. உமையாளின் கணவர் போருக்குப் பிறகு மறுபடியும் பர்மா போனவர். 1963-64இல் அங்கே வங்கிகளையும் கடைகளையும் அரசு எடுத்துக்கொண்டதும் வெறுங்கையோடு திரும்பினார், இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்தார். அடுத்த முப்பத்தைந்து வருடம் உமையாள் எதை வைத்துச் சாப்பிட்டாள்? ஒருத்திக்கு மோர்சோறும் ஊறுகாயும் போதும். ஆனால் முறை செய்ய வேண்டுமே. சிகப்பி வீட்டில் பேத்தி சடங்கு, பேரன் கல்யாணம், பங்காளி வீட்டில் சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்று ஒன்று மாற்றி ஒன்று வரும். வாங்கியதைத் திருப்பிச் செய்யாவிட்டால் ‘அவுகளுக்கு முடியலை போல’ என்று ஒரு சொல் வரும். அந்தச் சொல் வராமல் இருக்க அவள் எதையும் செய்வாள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு மூன்று சனிக்கிழமை போனேன். பிரித்த வீடுகளின் சாமான்கள் வந்து சேரும் தெரு அது. கதவு, மங்குத் தட்டு, ஊறுகாய் ஜாடி, ரவிவர்மா படம், பர்மா அரக்குச் சாமான் என்று குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, ‘உமையாள் இதைக் கொடுப்பாளா, எப்போது கொடுப்பாள்?’ என்று நோட்டில் குறித்தேன். கடைக்காரர் என்னை வியாபாரி என்று நினைத்து விலை குறைக்கவே இல்லை.

அப்பச்சி பர்மாவிலிருந்து நடந்து வந்தபோது இடுப்பில் கட்டிக் கொண்டுவந்தது ஒரே ஒரு பொருள்: அரக்குப் பூசிய வெற்றிலைச் சம்புடம். அதை அவள் கடைசிவரை வைத்திருப்பாள், சாகும்போது கையில் இருக்கும் என்று முதல் வரைவிலிருந்தே முடிவு செய்திருந்தேன். கடைசி அத்தியாயமே அதை நம்பித்தான் இருந்தது.

பட்டியலைப் போட்டுக்கொண்டு வரும்போது ஒரு ஒழுங்கு தானாக வந்தது. வீட்டில் விசேஷம் என்றால் பங்காளிகள் ஒருவருக்கொருவர் சாமான் இரவல் கேட்பார்கள். அண்டா, குத்துவிளக்கு, பன்னீர்ச் செம்பு, சமுக்காளம் இதெல்லாம் கேட்பார்கள். கேட்டு வந்தால் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேள்வி வரும். ஆகவே உமையாள் முதலில் விற்பது யாரும் இரவல் கேட்டு வராத சாமானை. அப்படிப் பார்த்தால் முதலில் போவது அவள் படுக்கிற மெத்தை. இரண்டாவது, அப்பச்சியின் வெற்றிலைச் சம்புடம்.

நோட்டில் இரண்டு என்று எண் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்துவிட்டேன். வேண்டாம், இதை மட்டும் விட்டுவிடலாம் என்று நாலு நாள் பார்த்தேன். முடியவில்லை. அவள் விற்கிறாள். எண்பது ரூபாய்க்கு. அந்தப் பணத்தை சிகப்பி பேத்தி கல்யாணத்தில் முறையாக வைத்துவிட்டு, முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறாள். நான்கு வருடத்தில் முதல் தடவையாக, நான் வேண்டாம் என்று சொல்லியும் அவள் ஒரு காரியம் செய்தாள்.

ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் கேம்பிரிட்ஜில் பேசும்போது, பாத்திரங்களைத் தட்டை, உருண்டை என்று பிரித்தார். உருண்டைக்கு அவர் வைத்த சோதனை எளிது: நம்பும்படியாக நம்மை ஆச்சரியப்படுத்த முடிகிறதா? ஆச்சரியம் மட்டும் இருந்து நம்பிக்கை வராவிட்டால் அது உருண்டை வேஷம் போட்ட தட்டை. கல்லூரி நாட்களிலிருந்து இதை ஒப்பித்துக்கொண்டு இருந்தவள்தான் நான். சம்புடம் கைவிட்டுப் போன அன்றுதான் அர்த்தம் புரிந்தது.

கையெழுத்துப் போடாததற்குக் காரணமும் அதிலேயே கிடைத்தது. வெளிவீட்டில், கதவைத் திறந்தால் கண்ணில் படும் இடத்தில், பிறர் இரவல் கேட்கக்கூடிய சாமான்கள் அடுக்கி இருக்கின்றன. உள்வீடு காலி. வீட்டைப் பிரித்தால் உள்வீட்டுப் பூட்டைத் திறக்க வேண்டும். பங்காளிகள் பத்துப் பேரும், சிகப்பியின் மகன்களும் நின்று பார்ப்பார்கள். பாரம்பரியமாவது ஒன்றாவது!

இந்தக் கட்டத்தில் தொல்காப்பியம் கைகொடுத்தது. அதன் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் நான்கு நிலைக்களனையும் சொல்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ எளியராவது இளிவு. உறவையோ உடைமையையோ இழப்பது இழவு. முன்பிருந்த நிலை கெட்டு வேறொன்றாக ஆவது அசைவு. வறுமை என்பதற்கு உரை தேவையில்லை. முதல் வரைவில் நான் ‘சோகம்’ என்று எழுதிய ஒவ்வொரு இடத்திலும் இந்த நான்கில் எது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு வந்தேன். பதினேழு இடத்தில் இழவு. எல்லா இடத்திலும் அவள் எதையோ இழந்து கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். உமையாளுக்கு உண்மையில் இழவு பெரிதில்லை. அசைவும், அதைவிட இளிவு பற்றிய பயமும்தான் அவளைப் பிடித்து ஆட்டுகின்றன. அந்தப் பயத்துக்கு அவள் அழ மாட்டாள். கதவைப் பூட்டுவாள். பதினேழு கண்ணீரையும் எடுத்துவிட்டேன்.

அவர், அவள்

சிறிய விஷயம்போலத் தெரியும், எனக்கு இது பெரிய மாற்றம். முதல் இரண்டு வரைவிலும் உமையாளை ‘அவர்’ என்றே எழுதினேன். வயதானவர், பெரிய வீட்டு ஆச்சி, என் தாத்தா கணக்கு எழுதியது போன்ற வீடு. எனக்கே தெரியாமல் நான் கதை சொல்லும்போது கைகட்டி நின்றுகொண்டிருந்தேன். கைகட்டி நிற்பவனுக்கு உள்வீட்டுச் சாவி கிடைக்காது. மூன்றாவது வரைவில் ‘அவள்’ ஆக்கினேன். முதல் இரண்டு அத்தியாயம் கை கூசியது. மெத்தையை விற்றுவிட்டு வெறும் பாயில் படுத்து, இடுப்பு வலிக்க எழுந்திருக்கும் காட்சியை ‘அவர் எழுந்தார்’ என்று எழுதியிருந்தால் வலியே வந்திருக்காது.

உரையாடலில் மட்டும் எல்லோரும் அவளுக்கு உரிய மரியாதையோடுதான் பேசுகிறார்கள். மரியாதை பேச்சில் இருக்கட்டும், கதை சொல்பவளிடம் வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன்.

பேச்சு

உமையாள் ‘மாட்டேன்’ என்று ஒரு இடத்திலும் சொல்வதில்லை. முதல் வரைவில் சொல்லிக்கொண்டே இருந்தாள். மறுக்கிற உரிமை தனக்கு இருக்கிறது என்று நம்புகிறவள்தான் மாட்டேன் என்பாள். உமையாளுக்கு இருப்பது பஞ்சாங்கம்.

பத்திரத்தோடு தரகர் வந்தால், “இன்னைக்கு அட்டமியில்ல தம்பி?” மறுநாள் நவமி. அதற்கடுத்து செவ்வாய்க்கிழமை. “செவ்வாயில கையெழுத்துப் போடுவாகளா?” தேய்பிறை முடியட்டும், ஆடி போகட்டும், பிள்ளையார் நோன்பு கழியட்டும். நாவலில் எட்டு மாதம் இப்படியே ஓடுகிறது. இதில் எதுவும் பொய்யில்லை, எல்லாம் காலண்டரில் உள்ளது. வாசகர் சிரித்தபடியே ஒரு கட்டத்தில் இவள் எதற்கோ பயப்படுகிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். எழுதும்போது எனக்கே மிகவும் சந்தோஷமாக இருந்த பகுதி இதுதான். அதனாலேயே நீண்டுவிட்டது, பாதியை வெட்டினேன்.

அடுத்தது மகன். உமையாளுக்குப் பிள்ளை இல்லை. பங்காளி வீட்டிலிருந்து சொக்கலிங்கத்தைப் பிள்ளை கூட்டிக்கொண்டார்கள், அதாவது தத்தெடுத்தார்கள். வந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. ஆத்தா என்று கூப்பிட அவனுக்கு ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள், இரண்டு தெரு தள்ளி. இவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஒரு மாதம் எதுவுமே சொல்லாமல் இருந்தான். பிறகு எல்லோரும் சொல்வதையே சொன்னான்: ஆச்சி. கீரை விற்கிறவளும் ஆச்சி என்கிறாள், அவனும் ஆச்சி என்கிறான். இப்போது அவனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, சென்னையில் இருக்கிறான், அதே ஆச்சிதான். இதைப் பற்றி நாவலில் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. முறைப்பெயர் ஒன்று எத்தனை பக்கத்து வேலையைச் செய்துவிடுகிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன். நம் மொழியில் உறவைச் சொல்லாமல் ஒருவரைக் கூப்பிடவே முடியாது. அப்படி இருக்க, ‘அவர்களுக்கிடையே ஓர் இடைவெளி இருந்தது’ என்று எதற்கு எழுத வேண்டும்?

ஒரு காட்சி

சொக்கலிங்கம் கையெழுத்து வாங்க ஊருக்கு வந்திருக்கிறான். கையில் செல்போன். சிக்னல் கிடைக்காமல் வளவு முற்றத்தில் இறங்கி நின்று தரகரிடம் பேசுகிறான். இரண்டாவது வரைவில் இந்த இடத்தில் தாயும் மகனும் மூன்று பக்கம் சண்டை போட்டார்கள். அவரவர் மனதில் உள்ளதை அழகாகக் கோவையாக எடுத்துச் சொன்னார்கள், பட்டிமன்றம் மாதிரி. இப்போது உள்ளது இது:

“உமையாள் கவுனி அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். முற்றத்திலிருந்து அவன் குரல் கேட்டது.

‘இல்லண்ணே, போடுவாக. எங்க ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். எங்க ஆத்தால்ல, சொன்னாக் கேப்பாக.’

அரிசிக்குள் கை நின்றது. தண்ணீர் கருஞ்சிவப்பாக விரலைச் சுற்றிக்கொண்டு நின்றது. பிறகு கையை உதறி, டின்னைத் திறந்து இன்னொரு ஆழாக்கு அளந்து போட்டாள்.

‘ரெண்டு பேருக்கு எதுக்காச்சி இம்புட்டு?’ என்றாள் உதவிக்கு வரும் காளியம்மாள்.

‘கெடக்கட்டும். சீனி இருக்கான்னு பாரு.’”

நாற்பது வருடமாக அவள் கேட்க நினைத்த சொல் வருகிறது. தரகரிடம், அவளை மசியவைக்கும் பேச்சுக்கு நடுவில். அது அவள் காதில் விழுந்ததே அவனுக்குத் தெரியாது. நான் இதற்குக் கீழே ‘அவள் உள்ளம் நெகிழ்ந்தது’ என்று ஒரு வரி எழுதி, மூன்று நாள் வைத்திருந்து, எடுத்துவிட்டேன். ஆழாக்கு போதும்.

அரிசியின் அளவு எங்கிருந்து வந்தது என்றால், அதுவும் பட்டியலிலிருந்துதான். ஒவ்வொரு பொருளையும் எண்ணி எண்ணிச் செலவழிப்பவள் என்று அதற்கு முன் இருநூறு பக்கம் காட்டியாயிற்று. அதனால் ஓர் ஆழாக்கு அதிகமாகப் போட்டால் வாசகருக்குத் தெரியும். முதல் வரைவு உமையாள் அண்டா அண்டாவாகப் பொங்கலாம், ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

இப்போதைய நிலை

நான்காவது வரைவை மூன்று பேர் படித்தார்கள். செட்டியார் அண்ணன் கோயிலைச் சரிபார்த்துவிட்டு, பெரிய ஓட்டை ஒன்றைக் காட்டினார். காரைக்குடிக் கடைக்காரர்களிடம் ஒரு ஆச்சி முப்பத்தைந்து வருடம் சாமான் விற்றால் ஊருக்குத் தெரியாமல் போகுமா? போகாது. எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது அவள் காரைக்குடியில் விற்பதில்லை. மதுரைப் பக்கமிருந்து சைக்கிளில் வரும் ஈயம் பூசுகிறவர் ஒருவர், தெரு தூங்குகிற மத்தியான நேரத்தில், பின்கட்டு வாசல் வழியாக, ஈயம் பூச எடுத்துப் போவதுபோல் எடுத்துப் போகிறார். பூசி முடித்துத் திருப்பிக் கொண்டுவராத பாத்திரம் எத்தனை என்று உமையாளுக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால் இந்த ஆள் நாவலுக்குள் வந்தே இருக்க மாட்டார். இப்போது அவரை வெளியே அனுப்ப எனக்கு மனமில்லை.

இன்னொருவர், அலுவலகத் தோழி. சம்புடத்தை விற்றதற்காக உமையாள்மேல் கோபமாக இருக்கிறார். சாப்பாட்டு இடைவேளையில் என்னிடம் வந்து, “சிகப்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா எண்பது ரூபா குடுத்திருக்க மாட்டாளா?” என்று சண்டை போட்டார். சிகப்பியிடம் கேட்பதைவிட உமையாள் நாக்கைப் பிடுங்கிக்கொள்வாள் என்று நான் பதில் சொல்லி, இரண்டு பேரும் இல்லாத ஒருத்திக்காகக் கால் மணி நேரம் வாதாடிவிட்டுக் கவுண்டருக்குத் திரும்பினோம்.

ஆசிரியை கடைசியாகப் படித்தார். இந்தத் தடவை காப்பி கொடுக்க மறந்துவிட்டார். “இவுகளை எனக்குப் பிடிக்கலைம்மா” என்றார். “எங்க சின்னாத்தா மாதிரியே இருக்காக. அவுகளும் இப்படித்தான், செத்த பிறகு பொட்டியத் தொறந்தா ஒண்ணுமில்ல.” பிறகு பக்கத்தைப் புரட்டி, பஞ்சாங்கப் பகுதியில் இரண்டு இடத்தில் திதி தப்பாக வருகிறது என்று பென்சிலால் குறித்திருந்ததைக் காட்டினார்.

சொக்கலிங்கம்தான் இன்னும் தேறவில்லை. மூன்று பேருமே சொன்னார்கள். வருகிறான், பத்திரத்தை நீட்டுகிறான், செல்போனில் கத்துகிறான், போகிறான். அம்மாவுக்கு எதிராக ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக நிறுத்தி வைத்தவன்போல இருக்கிறான். அவனுக்கு நான் பட்டியல் போடவே இல்லை. ஆண்பிள்ளை, சீர்ச்சாமான் கிடையாது, எதை வைத்துப் பட்டியல் போடுவது என்று விட்டுவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நோட்டில் புதுப் பக்கம் திருப்பி அவன் பெயரை எழுதினேன். ஒன்பது வயதில் இரண்டு தெரு தாண்டி இந்த வீட்டுக்கு நடந்து வந்தபோது கையில் என்ன வைத்திருந்தான்? யாராவது கொடுத்து அனுப்பினார்களா, இல்லை அவனே எதையாவது எடுத்துக்கொண்டு வந்தானா? ஒரு பம்பரம் என்று எழுதினேன். அது பம்பரத்துக்குப் பதில் கோலிக்குண்டாக இருந்தாலும் கதை மாறாது. அடித்துவிட்டேன். பக்கம் அப்படியே இருக்கிறது.